சமஉயரக் கோடுகளுக்கு எத்தனை மீட்டர் இடைவெளி?

கேள்வி: எஸ்.ஆர்.டி.எம். என்ற விண்வெளி ரேடார் திட்டத்தின் உயரத் தரவைக் கொண்டு, ஒத்தக்கடை முதல் மேலூர் வரையுள்ள பகுதிக்கு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோட்டுப் படம் வரைந்தேன். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர இடைவெளி வைத்தால் யானைமலையில் கோடுகள் நெருக்கியடிக்கின்றன, வயற்காட்டிலோ ஒன்றுமே இல்லை. 1 மீட்டர் வைத்தால் சமவெளி முழுவதும் கிறுக்கலாகிவிடுகிறது. எந்த இடைவெளி சரி?
— கல்லூரி மாணவி, மேலூர்.

பதில்: முதலில் 1 மீட்டரை விட்டுவிடுங்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்ட இந்தத் தரவின் உயரப் பிழை, 90 விழுக்காடு இடங்களில் 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் இலக்கு. அருகருகே உள்ள இடங்களை ஒப்பிடும்போது பிழை குறையும் என்றாலும், 1 மீட்டர் ஏற்ற இறக்கத்தை நம்பும் அளவுக்குக் குறையாது. தழையில் பட்டுத் திரும்பிய அலைகளும் இதில் கலந்திருப்பதால், தென்னந்தோப்புகூடச் சிறு மேடாகத் தோன்றலாம்.

கிறுக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தரவில் நிலம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் உயரமும் முழு மீட்டராகவே பதியப்பட்டிருப்பதால், தட்டையான நிலத்தில் ஒரே எண் பல கட்டங்களில் தொடர்ந்து வரும். கோட்டையும் அதே எண்ணில் வைத்தால், அது செல்லும் வழி தெரியாமல் கட்டங்களின் ஓரங்களில் ஒடிந்து ஒடிந்து திரியும். தரவைச் சற்றே மென்மையாக்கிவிட்டு, 135-க்குப் பதிலாக 135.5 என்று அரை மீட்டர் தள்ளி வைத்தால் கோடு பெருமளவு சீராகிவிடும்.

சமவெளிக்கு 5 மீட்டர், மலைக்கு 20 மீட்டர் என்று வைக்கலாம். ஆனால் சமவெளியின் 5 மீட்டர்க் கோடுகளை நிலத்தின் பொதுவான சாய்வைக் காட்டும் குறிப்புகளாக மட்டுமே கொள்ள வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் படம் வரைய உதவும் மேட்ப்ளாட்லிபில், மட்டங்களின் (கோடு வரைய வேண்டிய உயரங்களின்) எண்ணிக்கையை மட்டும் தந்தால் அது தன் விருப்பப்படி வசதியான எண்களைத் தேர்ந்துகொள்ளும் என்பதால், மட்டங்களை ஏறுவரிசையில் நீங்களே பட்டியலாகத் தர வேண்டும். இரண்டு இடைவெளிகளையும் ஒரே படத்தில் கலப்பதை நான் விரும்புவதில்லை. கோடுகளின் நெருக்கத்தைக் கண்டே சரிவை உணரும் வாசகர், இடைவெளி மாறிய இடத்தில் இல்லாத சரிவைக் கண்டுவிடுவார். இரண்டு படங்களாக வரைவதே மேல். ஒரே படம்தான் வேண்டுமென்றால், சமவெளிக்கான 5 மீட்டர் இடைக்கோடுகளை மெலிதாக வேறு நிறத்தில் வரைந்து, மாற்றத்தைக் குறிவிளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கண்மாய்க்கு நீர் வரும் பாதையை அறிவதுதான் உங்கள் நோக்கமென்றால், எந்த இடைவெளியும் இந்தத் தரவைக் காப்பாற்றாது. ஆட்டோ லெவல் கருவியால் நேரில் அளந்த உயரங்கள் கைக்கு வந்தபின், போதிய நெருக்கத்தில் புள்ளிகள் எடுத்திருந்தால், அரை மீட்டர் இடைவெளியும் பொருந்தும்.