ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் கேமில் டிரிஃப்ட் பண்ண (வளைவில் காரைச் சறுக்கவிட்டு ஓட்ட) எந்தக் கார், எப்படி டியூன் செய்வது?

தம்பி, குமுளி மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி வளைவில் காரைச் சறுக்கவிட்டால் உடனே சுழன்று போய் நிற்கிறது என்று கேட்டிருந்தாய். எங்கள் கம்பம் ஊர்ப் பசங்களும் இதே புலம்பல்தான். முதலில் பின்சக்கரம் இழுக்கும் கார் எடு: நிசான் சில்வியா எஸ்15, மஸ்டா ஆர்எக்ஸ்-7, இரண்டும் நல்லது. நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றினால் பாயிண்ட் சுலபமாக வரும், ஆனால் கை பழகாது. ஆயிரம் குதிரைத்திறன் எல்லாம் இப்போது வேண்டாம், 400-500 போதும்.

டியூனிங்கில் முக்கியம் டிஃபரன்ஷியல்தான், அதாவது இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பாகம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது அந்த இரண்டையும் பூட்டுகிற ஆக்ஸிலரேஷன் லாக்கை 100% வை, அப்போதுதான் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுழலும், ஒன்று மட்டும் வெட்டியாகச் சுற்றி மற்றது பிடித்துக்கொண்டு காரை நேராக்கிவிடாது. முன் கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) -5, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) 7. டிரிஃப்ட் டயர், டிரிஃப்ட் சஸ்பென்ஷன் போடு, முன்சக்கரம் இன்னும் அதிகமாகத் திரும்பும். அப்புறம் ஃபைனல் டிரைவ், எல்லா கியரையும் சேர்த்து நீட்டுகிற, குறுக்குகிற அமைப்பு: வளைவு முழுவதும் மூன்றாம் கியரிலேயே போகிற மாதிரி நகர்த்து, நடுவில் கியர் மாற்றினால் சறுக்கல் அறுந்துவிடும்.

சக்கரம் வழுக்காமல், கார் சறுக்காமல் தானாகத் தடுக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டையும் அணைத்தாயா? அதை முதலில் பார். கார் சுழலப் போகிறது என்று தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடாதே, பாதி குறைத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பு.