காப்புறுதிப் பத்திரமல்ல, தவறாத மாத்திரையே உயிர் காக்கும்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "58 வயதான என் அப்பாவுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகியுள்ளது. அவருக்குச் சலரோகமும் இருக்கிறது. பணம் கட்டினால் காப்புறுதி எடுத்துத் தருவதாகவும், அது இருந்தால் கொழும்பில் தனியாரிடம் வைத்தியம் செய்து பிழைக்க வைக்கலாம் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?"

வைக்காதீர்கள். இலங்கையில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையங்களின் ஊடாக இலவசமாகவே கிடைக்கின்றன. நோய் கண்ட பிறகு எடுக்கும் பத்திரத்துக்கு, அந்த நோயின் செலவைக் காப்புறுதிக் கம்பனிகள் பொதுவாக ஏற்பதுமில்லை. படிவம் நிரப்பவும், 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்லியும் லயத்துக்கு லயம் பணம் பறிப்போரை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அந்த அலைச்சலில் கழியும் வாரங்கள்தான் நோயாளியின் நுரையீரலை அரிக்கின்றன. காப்புறுதி எடுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், அடையாள அட்டைப் பிரதியும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் அப்பாவின் உயிரைத் தீர்மானிப்பவை வேறு. சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் இரண்டு மருந்துகளும் கொடுக்கப்படும். இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கியதும் 'சுகமாகிவிட்டது' என்று நிறுத்துவதே பெரிய ஆபத்து. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். சலரோகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். காசநோய் மருந்து சில சலரோக மாத்திரைகளின் வலுவைக் குறைப்பதால், இரண்டையும் வைத்தியரிடம் காட்டுங்கள். சாராயம் கூடவே கூடாது. எடையையும் கவனியுங்கள்: ஜார்க்கண்டில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வொன்றில், முதல் 2 மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ரொட்டியும் தேத்தண்ணியும் போதாது. பருப்பு, முட்டை, நெத்தலி வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கண் மஞ்சளித்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அன்றே மாத்திரைகளுடன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அது ஈரல் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது இதில் சேராது. அது மருந்தின் நிறம்தான், அதற்காக ஒரு வேளையும் தவறக்கூடாது. கண்ணின் வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், காம்பராவின் மங்கிய விளக்கில் மஞ்சள் தெரியாது.

அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று நாள்தோறும் நகரத்துக்கு பஸ் ஏறும்படி நோயாளியிடம் எதிர்பார்ப்பது அநியாயம்; இதை எத்தனை கூட்டங்களில் சொல்லியும் பயனில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள்: கண்காணிப்பில் மாத்திரை விழுங்கும் ஏற்பாட்டை அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியிலோ தோட்ட மருந்தகத்திலோ செய்து தரும்படி மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் கோரலாம். அன்றே வீட்டிலுள்ள எல்லோரையும், முக்கியமாக 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.