சிறிய கல்லூரி, ஒரே ஒரு அச்சு மிஷின்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரியில் கிராஃபிக் கம்யூனிகேஷன் இளநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. சில கம்ப்யூட்டர்கள், பழைய ஒற்றைக் கலர் மினி ஆஃப்செட் ஒன்று, ஒரு கட்டிங் மிஷின், அவ்வளவுதான். சென்னையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்த தோழிகள் கேமராவும் ஸ்டுடியோவுமாகப் படம் அனுப்புகிறார்கள். "டிசைனை யூட்யூப்லயே கத்துக்கலாமே, அதுக்கு மூணு வருஷமா?" என்கிறார் சித்தப்பா. எதைக் கற்றுக்கொண்டால் இந்த மூன்று வருடம் வீண்போகாது?

ஒரு மாணவி, தேவகோட்டை

அன்புள்ள மாணவிக்கு,

சித்தப்பா சொல்வது பாதி சரி. ஃபோட்டோஷாப்பையும் இல்லஸ்ட்ரேட்டரையும் யூட்யூபில் கற்கலாம். திரையில் பளிச்சென்று இருந்தது காகிதத்தில் ஏன் மங்கிப்போனது என்பதை மிஷின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். இருபது பேருக்கு ஒரு மிஷின் என்றால் அது உங்கள் கைக்கு அடிக்கடி வரும். ஆகவே செமஸ்டருக்கு ஒரு வேலையையாவது ஃபைல் தயாரிப்பதிலிருந்து கட்டிங் வரை நீங்களே செய்து முடியுங்கள். நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

முதல் வேலை 16 பக்கச் சிறு புத்தகமாக இருக்கட்டும். ஒரே கலர், டெம்மி எட்டில் ஒன்று, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம், நடுவில் பின். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். நான்கு தாளை மடித்துச் செருகி, பென்சிலால் பக்க எண் எழுதிப் பிரித்துப் பாருங்கள். ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் 16, இரண்டுக்குப் பக்கத்தில் 15. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும். வராவிட்டால் பிளேட், அதாவது மிஷினில் மாட்டும் அச்சுத் தகடு, போடுவதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும். காகிதத்தின் கிரெய்ன், அதாவது நார் ஓடும் திசை, புத்தகத்தின் முதுகுக்கு இணையாகப் போக வேண்டும். குறுக்கே போனால் மடிப்பு வெடிக்கும், புத்தகம் படிந்து திறக்காது. சிறு துண்டின் ஒரு பக்கத்தை ஈரமாக்கினால் அது சுருளும். அந்தச் சுருளின் அச்சு எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் கிரெய்ன்.

மிஷினில் முதலில் படுத்துவது தண்ணீர்தான். ஆஃப்செட்டில் பிளேட்டின் எழுத்தில்லாத இடத்தில் மை ஒட்டாமல் காப்பது அதுதான். தண்ணீர் குறைந்தால் எழுத்தில்லாத இடத்திலும் மை பிடித்து அழுக்கடிக்கும். கூடினால் மையோடு கலந்து கறுப்பு சாம்பலாகும். அந்தத் தண்ணீருக்கு ஃபவுண்டன் கரைசல் என்று பெயர். அதன் பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, பொதுவாக 4.5 முதல் 5.5க்குள் இருக்க வேண்டும். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் அது ரோலரில் படிந்து, மை ஏறாமல் வழுக்கும். அதைப் பார்த்ததும் கண்டுபிடிக்கிற மெஷின்மேன் உங்கள் கல்லூரியில் இருந்தால், அவரையும் ஒரு பேராசிரியராகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கலர் மிஷின் என்று வருந்த வேண்டாம். நான்கு கலர் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) வேலையை அதில் நான்கு முறை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். காகிதம் காற்றின் ஈரத்தை இழுத்து நீளும், காய்ந்தால் சுருங்கும். அதனால் முதல் ஓட்டத்துக்கும் நான்காவது ஓட்டத்துக்கும் இடையில் ரிஜிஸ்டர், அதாவது ஒரு கலர் மேல் இன்னொன்று சரியாக உட்காருவது, விலகும். அடுக்கை பிளாஸ்டிக் தாளால் மூடி மிஷின் அறையிலேயே வையுங்கள். சின்ன எழுத்தை ஏன் நூறு சதவீதக் கறுப்பில் மட்டும் வைக்க வேண்டும் என்பதும் இங்கேதான் புரியும். நான்கு கலரும் கலந்த கறுப்பாக வைத்தால், தலைமுடி அளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும்.

தமிழ் எழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இன்றும் பல அச்சகங்களுக்கு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் மேட்டர் வருகிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது ஔகாரம் 'ஒ'வும் 'ள'வுமாகப் பிரிந்துபோகும், ஆங்கில வரிகள் குப்பையாகும். மாற்றியதை முழுவதும் படித்துப் பார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. 11 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்ட் வரி இடைவெளி கொடுத்துப் பாருங்கள். மேல்வரியின் காலும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளாது.

பயிற்சிக்கு வேலை தேடி அலைய வேண்டியதில்லை. செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிறவர்களுக்கு லேபிள் வேண்டும். கை முறுக்குப் பாக்கெட் ஒன்றுக்குச் செய்து பாருங்கள். நிகர எடை, விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, இதற்கெல்லாம் முதலில் இடம் ஒதுக்கிவிட்டு அலங்காரத்துக்குப் போங்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள், அதாவது பின்னணிக் கலரை அவ்வளவு தூரம் நீட்டி வையுங்கள். உள்ளேயும் அதே அளவுக்கு எழுத்தே வராமல் பாருங்கள். பார்கோடைச் சிவப்பில் வைத்துவிடாதீர்கள். பல ஸ்கேனர்களின் ஒளி சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைக் காகிதமும் ஒன்றுதான், படிக்காது. முழு அளவு பார்கோடு ஏறத்தாழ 37க்கு 26 மில்லிமீட்டர். இடம் போதவில்லை என்று பக்கத்து வெள்ளையைச் சாப்பிட்டுவிட்டாலும் படிக்காது.

கலருக்கு வீட்டுப் பெட்டியில் இருக்கும் கண்டாங்கிச் சேலையை எடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது அது. அதன் அரக்கையும் மஞ்சளையும் பகல் வெளிச்சத்தில் வைத்து, நான்கு மைகளைப் பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டி அச்சிட்ட கட்டங்களோடு ஒப்பிடுங்கள். திரையை நம்பாத கண் அப்படித்தான் பழகும்.

உங்கள் கல்லூரியில் இல்லாதது நான்கு கலர் மிஷினும் பிளேட் பிரிவும். அதற்கு மதுரை வழியாக சிவகாசி இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும் அங்கே வேலை சூடுபிடித்து வருடக் கடைசி வரை நிற்காது. துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அந்த மாதங்களில் வரும் விடுமுறையில் போங்கள். டிசைன் மேஜை கேட்காதீர்கள், பிளேட் பிரிவைக் கேளுங்கள். ஊர்பட்ட டிசைனர்களின் தவறான ஃபைல்களெல்லாம் வந்து சேரும் இடம் அது. அச்சுக்குப் போதாத 72 டிபிஐ படம், திரைக்கான ஆர்ஜிபி கலர், எழுத்துரு இணைக்காத பிடிஎஃப் என்று ஒரு மாதத்தில் எல்லாப் பிழையும் கண்ணில் பட்டுவிடும்.

கெட்டுப்போன தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல தாளோடு சேர்த்து, பின்பக்கத்தில் காரணத்தை எழுதி ஃபைல் செய்யுங்கள். வேலைக்குப் போகும்போது அச்சகக்காரர் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது அதைத்தான். இந்த வாரமே துறைத்தலைவரைப் பார்த்து, பயிற்சிக்கென்று செமஸ்டருக்கு எத்தனை பிளேட், எவ்வளவு காகிதம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். போதாது என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து பிளேட் வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைக் கலர் மினி ஆஃப்செட் பிளேட்டுக்கு ஆகும் செலவை அத்தனை பேர் பங்கிட்டுக்கொள்ள முடியும்.