மகளின் பிளஸ் டூ வருஷத்தை ஏன் தொடுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 47 வயது. அரசுப் பள்ளியில் வரலாறு ஆசிரியை. எங்கள் ஊர் கைலி நெசவாளர்களைப் பற்றி ஆய்வு செய்ய நெடுநாள் ஆசை. சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறேன். வீட்டில் எதிர்ப்பில்லை. மகன் பி.இ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை தேடுகிறான். மகள் பிளஸ் டூ. சமையலை அவள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். இந்த வயதில் இது தேவைதானா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: வயதை விடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் வயது வரம்பே கிடையாது. வேலையில் இருப்பதால் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. படிப்பை முடித்த பையன் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறான். பொதுத்தேர்வு எழுதப்போகிற பெண் கையில் கரண்டி! அவளாகத்தான் சொன்னாள் என்கிறீர்கள். பதினேழு வயதுப் பெண் ஏன் அப்படிச் சொல்கிறாள்? அம்மா இல்லாவிட்டால் அடுப்படி தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் அவள் பார்த்தது அதைத்தானே? உங்கள் கணவர் என்ன செய்வார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

பிஎச்.டி. ஒரு வருஷத்துச் சங்கதியும் இல்லை. குறைந்தது 3 வருஷம். 6 வருஷம்வரை போகலாம், பெண்களுக்கு அதற்கு மேல் 2 வருஷச் சலுகையும் உண்டு. அதற்குள் உங்கள் மகள் கல்லூரியையே முடித்துவிடுவாள். அவ்வளவு காலமும் அவள் சமைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? குடும்பத்தில் ஒருவர் படிக்கப் போனால் மற்றவர்கள் தாங்க வேண்டும், அது கடமைதான். ஆனால் தாங்க வேண்டியவர்கள் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைத் தாங்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை, அம்மா.

நெசவாளர் வீடுகளுக்குத்தானே ஆய்வுக்குப் போகப்போகிறீர்கள்? தறியில் உட்காருபவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். ராட்டையில் நூல் சுற்றித்தரும் பெண்ணின் உழைப்பை யார் கணக்கில் எழுதினார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய ஆய்வாளர் நீங்கள்.

விண்ணப்பம் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் மகனையும் கணவரையும் உட்காரவைத்து, காலைச் சமையல் யார், ராத்திரிச் சமையல் யார் என்று பேசி முடியுங்கள். மகன் நாளைக்கே தொடங்கட்டும். அவனுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் அந்த முறையும் கணவருடையது, மகளுடையது அல்ல. தேர்வு முடியும்வரை அவளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள்.