வருத்தமும் வருத்தமும்

கேள்வி: எனக்கு 31 வயது. ஆணிடமோ பெண்ணிடமோ இதுவரை நாட்டம் வந்ததில்லை. உடலும் அதனைக் கேட்டதில்லை. வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள். ‘அசெக்சுவல்’ என்கிறார்களே, நான் அந்த வகையா, அல்லது இது ஏதும் வருத்தமா?
– வாசகர், கல்முனை

பதில்: உங்கள் கடைசிச் சொல்லில் நெடுநேரம் நின்றுவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் தமிழகச் சஞ்சிகை ஒன்றுக்கு எழுதிய கட்டுரையில், எங்களூர் அண்ணாவியார் ஒருவர் “கடும் வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்” என்று எழுதியிருந்தேன். கவலைப்படுகிறவரை ஆஸ்பத்திரியில் ஏன் சேர்க்கவேண்டும் என்று எண்ணிய மெய்ப்புப் பார்ப்பவர், அதனைக் “கடும் மனவருத்தத்தில் வீட்டில் கிடந்தார்” என்று திருத்திவிட்டார். நீரிழிவால் கால்விரல் எடுக்கப்பட்டிருந்த அண்ணாவியாருக்குக் கூத்துக் களரியில் யாரோடு பிணக்கு என்று ஊரே என்னை விசாரித்தது. வீடு திரும்பிய அண்ணாவியார் கேட்ட முதற் கேள்வியும் அதுதான். அன்று தொடக்கம், நோயைக் குறிக்கும் நமது ‘வருத்தம்’ என்ற சொல்லில் எவரையும் கைவைக்க நான் விட்டதில்லை.

அந்தப் பழைய வழக்கு உங்களுக்கு உதவுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்க்கணிப்புக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஆசைக் குறைவை நோயென்று கொள்வதாயின் அது அந்த ஆளுக்கே கணிசமான மனவருத்தத்தைத் தரவேண்டும் என்கிறது; தம்மை அசெக்சுவல் என்று உணர்கிறவருக்கு அந்த நோய்ப்பெயரைச் சூட்டலாகாது என்றும் சொல்கிறது. அதாவது, தமிழகத்தாரின் வருத்தம் இல்லாவிட்டால் நம்முடைய வருத்தமும் இல்லை. மாமிமாருடைய வருத்தம் கணக்கில் சேராது.

இனி நீங்கள் சேர்த்துக் கட்டிய இரண்டை அவிழ்ப்போம். வேட்கை உடலில் ஊறுவது. ஈர்ப்பு ஓர் ஆளை நோக்கிச் செல்வது. அசெக்சுவல் என்ற சொல் ஈர்ப்பு இல்லாமையைக் குறிக்கிறது. அவர்களில் வேட்கை உள்ளவர்களும் உளர். வாவி நிறைந்திருந்தும் முகத்துவாரம் மண்மூடிக் கிடப்பது போல என்று எழுத வந்தேன். மூடிக்கிடக்கிறதென்றால் வெட்டிவிட மண்வெட்டியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பதால் அந்த உவமையை மீளப்பெறுகிறேன். மறுபுறம், மனைவி மீது ஈர்ப்பிருந்தும் வேட்கை வற்றியவர்கள் உண்டு. தைரொய்ட் குறைவு, புரோலக்டின் என்ற ஓமோனின் மிகுதி, நீரிழிவு, மனச்சோர்வு, அதற்கு உண்ணும் சில மாத்திரைகள் ஆகியன அதற்குக் காரணமாகலாம். இருந்தது போனதென்றால் இரத்தப் பரிசோதனை அவசியம். உங்களுக்கோ அது என்றுமே இருந்ததில்லை. மீசை, குரல் முதலிய பருவ மாற்றங்கள் ஒழுங்காக வந்தனவா என்று வைத்தியர் ஒருமுறை பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீரும். பஸ் நிலையச் சுவரில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்கிறவரை நான் வைத்தியர் என்று சொல்லவில்லை.

நீங்கள் தனியாளும் அல்லர். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் அந்தனி போகார்ட், பிரித்தானியாவில் 18,000 பேருக்கு மேற்பட்டோர் அளித்த பதில்களை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் எவரிடமும் ஈர்ப்பு உணர்ந்ததில்லை என்று சொன்னதாகக் காட்டினார்.

கலியாணப் பேச்சுக்கு வருகிறேன். மகளுக்கென்று வீடு கட்டி, கூரை போட நகையை அடகு வைத்துவிட்டு மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்கும் தாய்தகப்பன் வாழும் கரை இது. அந்த வீட்டுக்குக் குடிபோக முன்னர், தரகரிடம் அல்ல, அந்தப் பெண்ணிடமே நேரில் சொல்லுங்கள். கேட்டபின் அவர் சம்மதிக்கவும் கூடும், மறுக்கவும் கூடும். நீங்கள் சொல்லாமல் போனால், ஆறாம் மாதம் வருத்தம் அவருக்குத்தான் என்று முடிவுகட்டி, அவரைத்தான் பரிகாரியிடம் கூட்டிச் செல்வார்கள்.