விளக்கிச் சொல்ல நேரமில்லாதவருக்குப் பட்டறை எதற்கு?

கேள்வி: எட்டு வருடமாக ஒரு திறமூல மென்பொருளைப் பராமரிக்கிறேன். புதியவர்களைச் சேர்க்க மூன்று பட்டறைகள் நடத்திவிட்டேன். சுலபமான வேலைகளுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ லேபிளும் ஒட்டிவைத்திருக்கிறேன். வருகிறார்கள், ஒரு வாரத்தில் காணாமல் போகிறார்கள். போன மாதம் ஒரு மாணவி இன்ஸ்டால் குறிப்பில் விட்டுப்போன ஒரு படியைச் சேர்த்து அனுப்பினாள். எழுதிய விதம் சரியில்லை. விளக்குவதைவிடச் சுலபம் என்று நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். அப்புறம் அவளும் வரவில்லை. எக்ஸ்இசட் என்ற திறமூல மென்பொருளில் ஒருவர் கள்ளக்கதவு வைத்த விவகாரத்துக்குப் பிறகு முகம் தெரியாதவர்களை நம்பவும் பயமாக இருக்கிறது. இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பே கிடையாதா?

பதில்: தலைமுறையை விடுங்கள். ‘விளக்குவதைவிடச் சுலபம்’ என்று போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருவோம்.

விட்டுப்போன அந்தப் படி எட்டு வருடமாக உங்கள் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? தேவையானதெல்லாம் உங்கள் கணினியில் என்றைக்கோ ஏறிவிட்டது. வெறும் கணினியோடு முதல் தடவை உட்காருபவருக்குத்தான் எங்கே இடறுகிறது என்று தெரியும். அந்தக் கண் ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும். அதைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தாள் அந்தப் பெண். நீங்கள் சரக்கை வாங்கிக்கொண்டு ஆளை வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.

அந்த கமிட்டில், அதாவது மாற்றத்தைச் சேர்த்த பதிவில், யார் பெயர் இருக்கிறது? எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் இரண்டு பெயரைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக அதை எழுதியபோதே, ஒருவர் அனுப்பும் பேட்ச்சை, அதாவது திருத்தத்தை, இன்னொருவர் சேர்ப்பதுதான் அங்கே அன்றாட வழக்கம். நீங்கள் வரிகளை மாற்றியிருந்தாலும், கீழே ‘கோ-ஆத்தர்ட்-பை’ (சேர்ந்து எழுதியவர்) என்று ஒரு வரி போட்டிருந்தால் அவள் பெயர் நின்றிருக்கும். போட்டிருக்க மாட்டீர்கள். போட்டிருந்தால் அதையும் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்!

பிள்ளை சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறினால், கையைத் தட்டிவிட்டுத் தானே போட்டுவிடும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். பத்து வருடம் கழித்து, ‘இவனுக்கு ஒரு வேலையும் தெரியவில்லை’ என்று எனக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள்தான். தான் இல்லாத நாளிலும் வீடு நடக்கும்படி சின்னவர்களைப் பழக்குவது மூத்தவரின் கடமை. இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது.

எக்ஸ்இசட்டைச் சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். 2024-ல் பிடிபட்ட அந்தக் கள்ளக்கதவு எப்படி நுழைந்தது? தனி ஆளாக, சம்பளமில்லாமல் அந்த மென்பொருளைச் சுமந்தவர் களைத்துப்போயிருந்தார். வேலை நகரவில்லை, வேறு ஆளிடம் கொடு என்று சிலர் நச்சரித்தார்கள். உதவ வந்தவர்போல் ஒருவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே வந்தார். எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்னும் நீங்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

லேபிள் விஷயம் சின்னது. எந்தக் கோப்பைத் திறப்பது, சரியாகிவிட்டது என்று எப்படிச் சோதிப்பது என்று நாலு வரி எழுதாத லேபிளால் யாருக்கும் பயனில்லை.

நாலாவது பட்டறைக்கு இப்போது தேதி குறிக்காதீர்கள். திருத்தத்தைச் சேர்க்கக் கேட்டு அவள் அனுப்பிய புல் ரிக்வஸ்ட் மூடிக் கிடக்கும். அதில் எழுதுங்கள்: நீ கண்டுபிடித்தது சரி, பெயரை விட்டது என் தவறு, நான் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், அடுத்து இந்த வேலையைப் பார்க்கிறாயா, இத்தனை நாளுக்குள் பதில் சொல்வேன். முதல் தடவை இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கடிதத்தில் ‘ஒரு மாணவி’ என்று மட்டும் இருக்கிறது. பெயர் மறந்திருந்தால் அந்த ரிக்வஸ்டின் மேலேயே இருக்கும், பாருங்கள்.