0.14, அப்புறம் 0.31: எண் கூடினால் நோய் கூடுகிறதா?

கேள்வி: அக்கா, நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். தடைக்காலம் முடிந்து, ஜூன் 17-ஆம் தேதி கடலில் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோது கூட வந்த அண்ணன் ஒருவரின் கையைக் கெளுத்தி முள் கிழித்துவிட்டது. நான்தான் பிடித்துத் துண்டால் கட்டினேன். என் விரலில் பழைய கயிற்றுக் காயம் இருந்தது. அவர் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்று பத்து நாள் கழித்து ஒருவன் சொன்னான். ஜூலை 15-இல் தனியார் லேபில் எச்.ஐ.வி. டெஸ்ட் பார்த்தேன்: நான்-ரியாக்டிவ் (தொற்று தெரியவில்லை), 0.14. ஆகஸ்ட் 5-இல் அதே லேபில் 0.31. செப்டம்பர் 20-இல் அரசு மருத்துவமனையில் நான்-ரியாக்டிவ். ஆனால் எண் கூடியிருக்கிறதே? நாக்கு வெள்ளையாக இருக்கிறது, மூன்று கிலோ குறைந்துவிட்டேன். ஆறு மாதம் போனால்தான் தெரியும் என்கிறார்கள். வீட்டில் தனியாகப் படுக்கிறேன். மனைவி காரணம் கேட்கிறாள், சொல்ல வாய் வரவில்லை.
- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பவத்தால் உங்களுக்கு எச்.ஐ.வி. வரவில்லை. இதற்காக இனி எந்த லேபுக்கும் போக வேண்டாம். இன்று இரவே மனைவி பக்கத்தில் போய்ப் படுங்கள்.

இப்போது அந்த எண். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலைப் பார்த்தேன். 0.31-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 1.00-க்குக் கீழே என்றால் நான்-ரியாக்டிவ் என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் கண் அங்கே போகவே இல்லை. மெஷினுக்குக் கிடைத்த சிக்னலை ஒரு எல்லை அளவோடு ஒப்பிட்டு வரும் எண் அது. உடம்பில் எத்தனை கிருமி இருக்கிறது என்ற கணக்கு அதில் கிடையாது. கரையில் மீன் எடை போடும் தராசில் தட்டு காலியாக இருக்கும்போதும் முள் லேசாக ஆடுமே, அந்த ஆட்டம்தான் 0.14-உம் 0.31-உம். இதே ரத்தத்தை நாளைக்கு வைத்தால் 0.22 என்று வரலாம். ஒன்றுக்குக் கீழே இருக்கும் வரை எல்லாம் ஒன்றுதான்.

அடுத்தது நாள் கணக்கு. கிருமி உடம்புக்குள் போனதும் டெஸ்டில் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் பி24 என்ற அதன் புரதம் ரத்தத்தில் தெரியும். அதை ஒட்டி உடம்பு கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியை உண்டாக்கும். அதுவரையுள்ள இடைவெளியைத்தான் விண்டோ பீரியட் என்கிறார்கள். உங்கள் லேப் செய்தது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட். அதற்கு 45 நாள் போதும். ஜூன் 17-இலிருந்து ஆகஸ்ட் 5 வரை 49 நாள், அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் ரேபிட் டெஸ்டுக்கு மூன்று மாதம் வேண்டும். அரசு மருத்துவமனையில் நீங்கள் பார்த்தது 95-ஆம் நாள். ஆறு மாதம் என்பது பழைய டெஸ்டுகள் காலத்துப் பேச்சு. நம் ஊரில் இன்னும் அது ஓயவில்லை.

டெஸ்டே எடுக்காமல் இருந்திருந்தாலும் நான் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி ஆஸ்பத்திரி ஊழியர் கையில் ஏறினாலே, தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். பொருக்குக் கட்டிய காயத்தின் மேல் ரத்தம் பட்டது அதன் கிட்டவே வராது. அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் என்றால் அவர் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும்.

ஒன்று மட்டும் படகில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். திறந்த காயத்தில் அடுத்தவர் ரத்தம் பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தேவை என்று டாக்டர் நினைத்தால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார்.

நாக்கு வெளுத்ததும் எடை குறைந்ததும் எச்.ஐ.வி.யால் இல்லை. தூங்காமல், சாப்பிடாமல் மூன்று மாதம் ஓட்டினால் யாருக்கும் உடம்பு இளைக்கும். இனி நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்றால் சர்க்கரையும், காசநோய்க்குச் சளியும் டெஸ்ட் செய்து பாருங்கள்.

கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அந்த அண்ணனோடு ஒரே சட்டியில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாகப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். சோறு, தண்ணீர், பீடி, ஒரே பாயில் படுப்பது, எதனாலும் இது ஒட்டாது. அவர் மாத்திரை சாப்பிடும் விஷயம் அவருடையது. நிலை தெரிந்துவிட்டது என்று வேலையை விட்டு நிறுத்துவதையும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. கேள்விப்பட்டதை இன்னொரு படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். சொன்னவனையும் கூப்பிட்டு, வாயை மூடச் சொல்லுங்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் தம்பி. நீங்கள் விலகியது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கேள்வி: மருமகளுக்கு ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி. டெஸ்டில் ரியாக்டிவ் என்று வந்து, நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்பியிருக்கிறார்கள். மகனிடம் என்ன சொல்வது?
- ஒரு தாய், தொண்டி

பதில்: அம்மா, இப்போதைக்கு எதுவும் உறுதியாகவில்லை. முதல் டெஸ்ட் சலித்தெடுக்க மட்டும்தான்; கர்ப்ப காலத்தில் அது சில சமயம் தவறாகவும் காட்டும். நம்பிக்கை மையத்தில் வேறு வேறு கிட்களில் பார்த்த பிறகுதான் உறுதி சொல்வார்கள். காசு கிடையாது. ஒருவேளை உறுதியானாலும் உடனே மாத்திரை தொடங்குவார்கள், பிறந்ததும் குழந்தைக்கும் மருந்து தருவார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். முறையான சிகிச்சையில் ஐந்துக்கும் கீழே வந்துவிடும்.

மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அது அந்தப் பெண்ணின் ரிசல்ட், எப்போது சொல்வது என்று அவள் ஆலோசகரோடு பேசி முடிவு செய்யட்டும். பிறகு மகனும் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும். யாரிடம் இருந்து வந்தது என்ற விசாரணையை வீட்டில் தொடங்கிவிடாதீர்கள். மையத்துக்குப் போகும் நாளில் அவளைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள். அதற்கு முன்னால் சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.